பவுண்டரியில் தரச் சுழற்சி: ஒரு குறைபாட்டைச் சுற்றுச் சுற்றாகக் குறைக்கும் முறை

திட்டமிடு, செய், ஆராய், செயற்படுத்து என்ற நான்கு சொற்களை வட்டமாக அமைத்த படம், தரச் சான்றிதழ் பெற்ற தொழிற்சாலைகள் பலவற்றின் சுவரில் தொங்குகிறது. ஐஎஸ்ஓ 9001 தரநிலையும் இந்தச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் படத்தின் கீழே வேலை நடக்கும் விதத்தைக் கவனித்தால், முதலிரண்டு சொற்களோடு சுழற்சி நின்றுவிடுவது தெரியும். யாருக்கோ ஒரு யோசனை தோன்றுகிறது. அது உடனே எல்லா இயந்திரங்களிலும் நடைமுறைக்கு வருகிறது. இரண்டு நல்ல நாட்கள் கழிந்ததும் பிரச்சினை தீர்ந்ததாக அறிவிக்கப்படுகிறது. மாதக் கடைசியில் கணக்கெடுத்தால் பழைய எண்ணிக்கையே திரும்பி வந்திருக்கிறது. மூன்றாவது சொல்லான ஆராய்தலுக்கு உண்மையான வேலை இருக்க வேண்டுமானால், அதற்கான ஏற்பாட்டை முதல் கட்டத்திலேயே செய்தாக வேண்டும். சோதனையைத் தொடங்கும் முன்பே, என்ன விளையும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை எண்ணால் எழுதி வைக்காத குழுவுக்குப் பின்னால் ஆராய்வதற்கு எதுவும் மிஞ்சாது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது விளங்காது என்பதால், ஒரே ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை பின்தொடரலாம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்ப் உறைகளை வார்க்கும் பவுண்டரிகள் நிறைய உள்ளன. அவற்றைப் போன்ற நடுத்தர அளவிலான ஒரு பவுண்டரியை மனத்தில் கொள்வோம். பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித்தூளும் நீரும் கலந்த மணலில் அச்செடுத்து, அதில் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். அச்சு வரிசைகள் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மல்லர், அதாவது மணல் கலவை இயந்திரம், இருக்கிறது. ஒரு ஷிப்டில் 200 உறைகள் வார்க்கப்பட்டு, அவற்றில் சராசரியாக 16 உறைகள் ப்ளோ ஹோல் எனப்படும் வாயுத்துளைகளால் ரிஜெக்ட் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஆலையின் எண்களை அவற்றின் இடத்தில் பொருத்திப் படிக்கலாம்.

இந்த முறையின் வரலாறு சுருக்கமானது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட், இயல்பான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் முன்வைத்தார். தரத்தை வரையறுத்தல், உற்பத்தி செய்தல், பரிசோதித்தல் ஆகிய மூன்றும் நேர்கோட்டில் முடிந்துவிடாமல் வட்டமாகத் தொடர வேண்டும் என்று 1939-இல் எழுதினார். அவருடைய சிந்தனையை வளர்த்தெடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், 1950-இல் ஜப்பானிய அறிவியலாளர் மற்றும் பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் அங்கே தொடர் விரிவுரைகள் ஆற்றினார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவப்பட்டது. அந்தப் பரிசை முதன்முதலில் வென்ற இந்திய நிறுவனம், சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு; ஆண்டு 1998. அத்தகைய பரிசுக்குப் பின்னால் நிறுவனம் முழுவதும் பல ஆண்டுகள் செய்த உழைப்பு இருக்கும். ஆனால் அந்த உழைப்பின் அடிப்படை அலகு, நான்கைந்து பேர் சேர்ந்து சில நாட்களில் முடிக்கக்கூடிய ஒரு சிறு சோதனைதான். அதற்குப் பெரிய ஆலையோ ஆலோசகரோ தேவையில்லை.

எண்ணத் தொடங்கும் முன்

“ரிஜெக்ஷன் அதிகமாக இருக்கிறது” என்பதை வைத்துக்கொண்டு எந்தச் சுழற்சியையும் தொடங்க முடியாது. எந்த வார்ப்படத்தில், எந்தக் குறைபாடு, எந்தக் கட்டத்தில் எண்ணப்படுகிறது என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். உறையின் உடலில் ஒரு குழி தெரிந்தால் அது வாயுவால் வந்த ப்ளோ ஹோலா, உலோகம் உறையும்போது சுருங்கியதால் வந்த குழியா, அச்சிலிருந்து உதிர்ந்த மணல் விட்டுச்சென்ற பள்ளமா என்பதைப் பரிசோதகர்கள் ஒரே விதமாகப் பிரித்தறிய வேண்டும். வாயுத்துளையின் உட்சுவர் பொதுவாக வழவழப்பாக இருக்கும். சுருக்கக் குழியின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். இவ்விரண்டுக்கும் மணல் பள்ளத்துக்கும் தலா ஒரு மாதிரியைப் பரிசோதனை மேசையிலேயே வைத்துவிடுவது, பத்துப் பக்க விளக்கக் குறிப்பைவிடப் பயன் தரும். பிறகு ரிஜெக்ட் ஆன முப்பது உறைகளை இரண்டு பரிசோதகர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். இருவர் பட்டியலும் பெருமளவு வேறுபட்டால், மணலைத் தொடுவதற்கு முன் பரிசோதனையைச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாமல் திரட்டும் எண்கள் அனைத்தும், அன்று மேசையில் யார் இருந்தார் என்பதைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

பவுண்டரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் துளை, உறை மெஷினிங்குக்குப் போய் மேற்பரப்பு சீவப்பட்ட பிறகே வெளியே தெரியும். திங்கட்கிழமை வார்த்த உறையின் குறை அடுத்த வாரம் கண்டுபிடிக்கப்படலாம். கண்டுபிடித்த நாளின் கணக்கில் அதைச் சேர்த்தால், இந்த வாரம் செய்த மாற்றத்துக்குப் போன வாரத்தின் பழி விழும். சில வேளைகளில் போன வாரத்தின் பெருமையும் சேரும். ஆகவே ஒவ்வோர் உறையிலும் வார்த்த தேதியும், எந்த உருக்கிலிருந்து ஊற்றியது என்பதைக் காட்டும் ஹீட் எண்ணும் தெரியும்படி குறியிட்டு, ரிஜெக்ஷன் எப்போது தெரிந்தாலும் அதை வார்த்த நாளின் கணக்கிலேயே பதிவு செய்ய வேண்டும். இதனால் ஒரு நாளின் கணக்கு முடிவடையச் சில நாட்கள் பிடிக்கும். மேலாளர்கள் காலைக் கூட்டத்தில் நேற்றைய எண்ணைக் கேட்டு அவசரப்படும் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் கைவிட்டாக வேண்டும்.

அடுத்து, இருக்கும் எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வரிசை வாரியாக, அச்சு வாரியாக, உறையின் உட்குழிவை உருவாக்கும் கோர் எனப்படும் மணல் உருவைத் தயாரித்த நாள் வாரியாக, வார்த்த நேரம் வாரியாக என்று ஒவ்வொரு கோணத்திலும் பிரித்தால், ஏதாவது ஒன்றில் எண்கள் ஒருபக்கமாகக் குவியும். நம் எடுத்துக்காட்டில் முற்பகலில் வார்த்த 100 உறைகளில் 5, பிற்பகலில் வார்த்த 100 உறைகளில் 11 என்று வந்திருப்பதாகக் கொள்வோம். பிரச்சினை நாள் முழுவதும் பரவியிருக்கவில்லை என்பது இந்த ஒரே பிரிப்பில் தெரிந்துவிட்டது.

காரணத்தை ஊகித்து, விளைவை முன்கூட்டியே எழுதுதல்

காரணங்களைக் கிளைகளாகப் பட்டியலிடும் மீன்முள் வரைபடம் வரைவதற்கு முன், பிற்பகல் இரண்டு மணிக்கு மல்லரின் அருகே போய் நில்லுங்கள். காலையில் ஊற்றிய அச்சுகளை உடைத்து மீண்டும் சுற்றுக்கு வந்த மணல், ஆறுவதற்கு நேரம் கிடைக்காமல் சூடாகவே கலவைக்குத் திரும்புவதை அங்கே கையாலேயே உணரலாம். மணல் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அதில் சேர்க்கும் நீர் நிலைத்து நிற்காது. மல்லர் இயக்குநர் ஒரு பிடி மணலை எடுத்து அழுத்திப் பார்க்கிறார். உதிர்வதாகத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் நீரைத் திறந்துவிடுகிறார். இப்படிச் சேர்ந்த ஈரம் ஆவியாகி, குளிர்ந்த கோரின் மேலும், அச்செடுக்கப் பயன்படும் மாதிரியான பேட்டர்னின் மேலும் படிந்து, உலோகம் ஊற்றப்படும்போது வாயுவாகி உறைக்குள் சிக்குகிறது. இது ஒரு விளக்கம். உறுதிப்பட்ட உண்மை என்று இந்தக் கட்டத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஈரமான கோர், குறைந்த வெப்பநிலையில் ஊற்றுதல், காற்று வெளியேறும் துளைகள் அடைபடுதல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பிற்பகலில் மட்டும் குறை கூடுவதற்கு மணலின் சூடு மற்றவற்றைவிடப் பொருத்தமாக இருக்கிறது.

கைப்பிடிச் சோதனைக்குப் பதிலாகக் காம்பேக்டபிலிட்டி சோதனையைச் செய்து, அதன் அளவைக் கொண்டு நீரைக் கட்டுப்படுத்துவது என்று குழு முடிவு செய்கிறது. ஒரு குழாயில் மணலைத் தளர்வாக நிரப்பி, மேல்மட்டத்தை வழித்துவிட்டு, அளவான எடையால் மூன்று முறை இடித்து, உயரம் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பார்க்கும் எளிய சோதனை இது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இலக்கு 38 முதல் 42 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு தாளை எடுத்து, என்ன மாற்றம், எந்த வரிசையில், யார் செய்வார், எத்தனை நாள் என்பவற்றை எழுதுங்கள். இவை எல்லாத் திட்டத் தாள்களிலும் இருக்கும். இவற்றுக்குக் கீழே எழுத வேண்டிய மூன்று வாக்கியங்கள்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. முதலாவது, விளைவு: “முதல் வரிசையில் பிற்பகலில் வார்க்கும் 500 உறைகளில் இப்போது ஏறத்தாழ 55 ரிஜெக்ட் ஆகின்றன, இந்த மாற்றத்தால் அது 30 ஆகும்.” இரண்டாவது, வழி: “மல்லரில் காம்பேக்டபிலிட்டி இலக்குக்குள் நின்றால், அச்சு இயந்திரத்துக்கு வரும் மணலும் அதே அளவில் இருக்கும், அதனால் கூடுதல் நீர் சேராது.” மூன்றாவது, பக்கவிளைவு: “நீர் குறைவதால் அச்சின் விளிம்புகள் உதிரக்கூடும்; ஆகவே மணல் பள்ளத்தால் வரும் ரிஜெக்ஷனையும் மணிக்கு எத்தனை பாக்ஸ் அச்செடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணுவோம்.” எண்ணை எழுதத் தயங்குபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். முன்கணிப்பு தவறினால் கேள்வி கேட்கப்படுவோம் என்ற அச்சம் அது. தவறிய முன்கணிப்புக்காக யாரையும் கண்டிக்க மாட்டோம் என்பதை மேலாளர் வாயால் சொன்னால் போதாது. முதல் சுற்றில் தவறும்போது அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அதை நம்புவார்கள்.

சிறியதாகச் செய்தல்

முதல் சுற்று ஒரே ஒரு நாளுக்கு, முதல் வரிசையில் மட்டும். அதன் நோக்கம் ரிஜெக்ஷனைக் குறைப்பதல்ல. சோதனையை வேலைக்கு நடுவில் செய்ய முடியுமா என்று பார்ப்பது மட்டுமே. அரைமணிக்கு ஒருமுறை சோதிப்பதாகத் திட்டமிட்டிருந்தால், அச்செடுக்கும் வேகம் கூடும் நேரத்தில் மல்லர் இயக்குநரால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். சோதனைக் கருவியை மணல் ஆய்வறையிலிருந்து மல்லரின் பக்கத்துக்கு மாற்றி, மணிக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டு இரண்டாம் சுற்றுக்குப் போகலாம். இப்படி ஒரு நாளில் வெளிப்படும் சிறு தடை, எல்லா வரிசைகளிலும் ஒரே நேரத்தில் ஆணையாகப் பிறப்பிக்கப்பட்டிருந்தால், பதிவேட்டில் கற்பனை எண்களாக மாறியிருக்கும். மேலிருந்து வந்த படிவத்தை நிரப்ப நேரமில்லாதவர், ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து எட்டுக் கட்டங்களிலும் 40 என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் சுற்று பத்து வேலை நாட்களுக்கு. ஒரு வரிசையில் பிற்பகலில் 50 உறைகள் என்றால் பத்து நாளில் 500 கிடைக்கும். இரண்டாம் வரிசையில் எந்த மாற்றமும் செய்யாமல் பழையபடியே விட்டு, அதன் எண்களையும் அதே படிவத்தில் பதிவு செய்யுங்கள். இது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் நடுவில் மழை பெய்து திறந்தவெளியில் குவித்திருந்த புது மணல் நனைந்தாலோ, பென்டோனைட் வேறு லாரியிலிருந்து வந்தாலோ, அந்தப் பாதிப்பு இரண்டு வரிசைகளிலும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாம் வரிசை இல்லாவிட்டால், மழையின் விளைவையும் மாற்றத்தின் விளைவையும் யாராலும் பிரிக்க முடியாது. திட்டத்திலிருந்து விலகிய ஒவ்வொன்றையும் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும்: ஆள் மாறியது, மின்தடையால் ஃபர்னஸ் தாமதமானது, ஒரு நாள் சோதனை நடக்கவே இல்லை. ஈரம் மிகுந்த அச்சில் உருகிய இரும்பை ஊற்றினால் வெடித்துச் சிதறும் ஆபத்து உண்டு என்பதால், சோதனை என்ற பெயரில் இலக்குக்கு வெளியே உள்ள மணலை யாரும் பயன்படுத்தாதபடி ஃபோர்மேனுக்கு நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும்.

ஆராய்தல்

இந்தக் கட்டத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்கள். ஒரு முழு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

முதலில், ஏற்ற இறக்கத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 200 உறைகளில் சராசரியாக 16 ரிஜெக்ட் ஆகும் ஆலையில், எதுவுமே மாறாத நாட்களிலும் எண்ணிக்கை 8 முதல் 24 வரை ஏறியிறங்கும். ஆகவே ஒரு நாள் 10 வந்ததற்காக இனிப்பு வழங்குவதும், மறுநாள் 22 வந்ததற்காக மல்லர் இயக்குநரை அழைத்து விசாரிப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். விசாரிக்கப்பட்டவர் எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்று நினைத்து நீரின் அளவைக் கூட்டிக் குறைப்பார். அதனால் ஏற்ற இறக்கம் முன்பைவிடப் பெரிதாகும். ஷூஹார்ட்டின் வரைபடம் தோன்றியதே இந்தத் தேவையற்ற தலையீட்டைத் தடுப்பதற்காகத்தான்.

தினசரி எண்களைத் தேதி வரிசையில் புள்ளிகளாக இட்டு, மாற்றத்துக்கு முந்தைய இருபது நாட்களின் எண்களை அளவு வரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் எண்ணைக் கோடாக வரையுங்கள். அந்தக் கோட்டை மாற்றத்துக்குப் பிறகும் அப்படியே நீட்டுங்கள். புதிய புள்ளிகள் தொடர்ந்து ஆறு, கோட்டுக்குக் கீழேயே விழுந்தால் ஏதோ உண்மையில் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். நாணயத்தை ஆறு முறை சுண்டும்போது ஆறும் தலையாகவே விழும் வாய்ப்பு 64-இல் 1 என்பதுதான் இந்த விதியின் அடிப்படை. கணினி தேவையில்லை, வரைபடத் தாளைச் சுவரில் ஒட்டிப் பேனாவால் குறித்தால், மணல் கலப்பவரும் ஊற்றுபவரும் நின்று பார்ப்பார்கள்.

பத்து நாள் முடிவில் முதல் வரிசையில் 41, மாற்றம் செய்யாத இரண்டாம் வரிசையில் 53 என்று வந்திருப்பதாகக் கொள்வோம். ‘பன்னிரண்டு குறைந்திருக்கிறது, வெற்றி’ என்று சொல்லத் தோன்றும் இடம் இது. வார்த்த எண்ணிக்கை சமமாக உள்ள இரண்டு வரிசைகளை ஒப்பிட ஒரு தோராயமான வழி உண்டு: இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரட்டிப்பாக்குங்கள், வேறுபாடு அதைவிடச் சிறியதானால் தற்செயலாகவே வந்திருக்கலாம். 41-ம் 53-ம் சேர்ந்து 94. வர்க்கமூலம் ஏறத்தாழ 9.7, இரட்டிப்பாக்கினால் 19. வேறுபாடோ 12-தான். வெற்றி என்று அறிவிக்க இது போதாது.

இந்த இடத்தில்தான் முன்பே எழுதிய தாள் கைகொடுக்கிறது. விளைவு 30 ஆக இருக்கும் என்று எழுதியிருந்தோம், வரவில்லை. வழியைப் பற்றி எழுதியது நடந்ததா என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நான்கு விதமாக அமையலாம். எழுதியபடி வழியும் நடந்து விளைவும் வந்தால் கருத்து வலுப்பெறுகிறது. வழி நடக்காமலேயே விளைவு மட்டும் வந்திருந்தால், அந்தப் பெருமை வேறு எதற்கோ உரியது. அதைத் தேட வேண்டும். வழி முழுவதும் நடந்தும் விளைவு வராவிட்டால் காரணத்தைப் பற்றிய ஊகம் தவறு. என் கணிப்பில் மிகுதியாகக் கற்றுத்தருவது இதுதான், ஆனால் தோல்வி என்ற தலைப்பில் கோப்புக்குள் போய்விடுவதும் இதுவே. திட்டமிட்ட செயலே சரியாக நடக்கவில்லை என்றால் எதுவும் சோதிக்கப்படவில்லை. மறுபடியும் செய்ய வேண்டியதுதான்.

நம் எடுத்துக்காட்டில் மல்லரில் எடுத்த அளவுகள் எல்லாம் 38-க்கும் 42-க்கும் இடையிலேயே இருக்கின்றன. ஆனால் அச்சு இயந்திரத்தின் ஹாப்பரில், அதாவது மணல் தொட்டியில், எடுத்த அளவுகள் பிற்பகலில் 34-க்கு இறங்கியிருக்கின்றன. மணல் பெல்ட்டில் பயணிக்கும்போதே நீரை இழக்கிறது. நீரின் அளவைச் சீராக்கியது சரியான செயல்தான். ஆனால் மணல் சூடாக இருக்கும்வரை அது பாதிப் பயனையே தரும். மணல் பள்ளத்தால் வரும் ரிஜெக்ஷனும் சிறிது கூடியிருப்பது இதனோடு ஒத்துப்போகிறது. அளவை இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும் என்பதை, வழியைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம்தான் முன்கூட்டியே நினைவூட்டியது.

முடிவெடுத்தலும் அடுத்த சுற்றும்

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாற்றத்தை அப்படியே ஏற்கலாம், திருத்தி மீண்டும் சோதிக்கலாம், கைவிடலாம். இங்கே இரண்டாவது வழியே பொருந்துகிறது. காம்பேக்டபிலிட்டி சோதனையைத் தொடர்ந்துகொண்டே, மூன்றாம் சுற்றில் திரும்பி வரும் மணலின் மேல் பெல்ட்டிலேயே நீரைத் தெளித்துக் காற்று படச் செய்து, ஆவியாதலால் அதைக் குளிர்விக்கிறார்கள். இதற்கும் ஒரு தாள், ஓர் எண், ஒரு வழி எழுதப்படுகிறது: மல்லருக்குள் வரும் மணல் 45 டிகிரியைத் தாண்டாது, ஹாப்பர் அளவும் மல்லர் அளவும் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விலகாது, 500-க்கு 28 ரிஜெக்ட் ஆகும். பத்து நாளில் 24 வருகிறது. இரண்டாம் வரிசையில் 52. கூட்டினால் 76, வர்க்கமூலம் ஏறத்தாழ 8.7, இரட்டிப்பு 17, வேறுபாடு 28. வழியும் எழுதியபடி நடந்திருக்கிறது. இப்போது ஏற்றுக்கொள்ளலாம்.

ஏற்பது என்றால் சுற்றறிக்கை அனுப்புவதல்ல. தெளிப்பானின் நீரோட்ட அளவு, வெப்பநிலை எல்லை, சோதனை நேரம், எல்லை மீறினால் யார் என்ன செய்வது ஆகியவை ஒரே பக்கத்தில் மல்லரின் அருகே இருக்க வேண்டும். அதைச் சோதனையில் பங்கெடுத்த இயக்குநரே எழுதினால் நன்று. அவர் விடுப்பில் போகும் நாளில் வரும் ஆளுக்குக் கற்றுத்தருவதும், அடைபட்ட தெளிப்பு முனையைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்ப்பதும் இந்தக் கட்டத்தின் வேலைகளே. முன்னேற்றங்கள் பெரும்பாலும் நழுவிப்போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இரண்டாம் வரிசைக்கு இதைக் கொண்டுபோகும்போதும் ஒரு சிறு சுற்று தேவை. அங்கே பெல்ட்டின் நீளம் வேறாக இருக்கலாம், மணலின் மொத்த அளவு குறைவாக இருக்கலாம். வறண்ட மாதங்களில் தேறிய ஏற்பாட்டை அக்டோபர், நவம்பர் மழையில் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் மிகும்போது ஆவியாதல் குறைவதால், தெளிக்கும் நீரின் அளவைக் குறைக்க நேரிடலாம்.

வரைபடத்தின் புள்ளிகள் புதிய மட்டத்தில் நிலைபெற்ற பிறகு, புதிய நடுக்கோட்டை வரைந்து, தினசரிக் கணக்கை வாரக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம்; குழுவின் நேரம் அடுத்த குறைபாட்டுக்கு, பெரும்பாலும் முற்பகலில் எஞ்சியிருக்கும் அந்த 5 உறைகளுக்கு, தேவைப்படும். கோர்களைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். பழைய குறைபாட்டின் வரைபடத்தில் ஆறு புள்ளிகள் தொடர்ந்து புதிய நடுக்கோட்டுக்கு மேலே போனால் குழு மீண்டும் கூட வேண்டும். அதற்குக் குறைவான ஏற்றத்துக்காக மல்லர் இயக்குநரிடம் யாரும் விளக்கம் கேட்க வேண்டாம் என்ற விதியை, வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி மேலாளரின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள்.